மடக்கை: விதி தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு ஏன் வரவில்லை?

அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 ஜூன் 29

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் ஒரு மணி நேரம் தனியாக உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். லாக் எனப்படும் மடக்கையின் பெருக்கல் விதி, வகுத்தல் விதி, அடுக்கு விதி மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் லாக் 8-ஐ லாக் 2-ஆல் வகுக்கச் சொன்னால் லாக் 4 என்று எழுதுகிறாள். நேற்று மேலும் கீழும் இருந்த லாக்கை அடித்துவிட்டு விடை 4 என்றாள். இன்னும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். ஒரு நாளைக்கு எத்தனை கணக்குக் கொடுக்கலாம்?

2025 ஜூன் 29, இரவு

ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம் என்பதே என் விடை. திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இந்த மே மாதத்திலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பாடம் சொல்கிறேன். உங்கள் மாணவி செய்த அதே இரண்டு பிழைகளையும் அவனும் செய்தான். லாக் என்பதை அவன் 8-க்கு முன்னால் நிற்கும் ஒரு பெருக்கு எண்ணாகவே பார்த்தான். அப்படிப் பார்ப்பவன் மேலும் கீழும் இருப்பதை அடிக்கத்தான் செய்வான். பார்வை மாறாமல் கணக்கின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழைக்குத்தான் பயிற்சி கிடைக்கும்.

மூன்று நாள் பேனாவை மூடிவைத்துவிட்டு, வாசிக்க மட்டும் சொல்லுங்கள். லாக்₂ 8 என்று எழுதியிருப்பதை "லாக் டூ எய்ட்" என்று வாசிக்கக் கூடாது, "2-ஐ எத்தனை முறை பெருக்கினால் 8 வரும்?" என்று கேள்வியாக வாசிக்க வேண்டும். விடை மூன்று. அந்த மூன்றுதான் மடக்கை. கேள்வியாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை, ஒரு கேள்வியின் பாதியை இன்னொரு கேள்வியின் பாதியோடு சேர்த்து அடிக்கத் துணியாது.

2025 ஜூலை 1

முந்தைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். பையனுக்கு மடக்கை வரவில்லை என்று சொல்லித்தான் அவன் அம்மா என்னிடம் அனுப்பினார். நானும் மூன்று வாரம் மடக்கையிலேயே நின்றேன். நான்காவது வாரம் 2⁰ எவ்வளவு என்று தற்செயலாகக் கேட்டபோது "பூச்சியம்" என்றான். 2⁻² எவ்வளவு என்றேன். "மைனஸ் நாலு" என்றான். எட்டாம் வகுப்பில் படித்த அடுக்குகளின் அடித்தளமே அவனிடம் இல்லை; அதன் மேல்தான் நான் மாடி கட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மாணவியிடம் இந்த இரண்டையும், 9-இன் அரை அடுக்கையும் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் மடக்கையைச் சில நாள் எடுத்து வைத்துவிடலாம்.

2025 ஜூலை 6

ஜூன் 29-இல் நான் எழுதிய "எத்தனை முறை பெருக்கினால்" என்ற சொல்லாட்சியை இன்று திரும்பப் பெறுகிறேன். இன்றைய வகுப்பில் லாக்₂ ½ என்று எழுதிக் காட்டி, கேள்வியாக வாசிக்கச் சொன்னேன். "2-ஐ எத்தனை முறை பெருக்கினால் அரை வரும்?" என்று சரியாக வாசித்தான். வாசித்துவிட்டு, "எத்தனை முறை பெருக்கினாலும் வராதே டீச்சர், பெருக்கினால் கூடத்தானே செய்யும்?" என்றான். அவன் சொன்னது நியாயம். "முறை" என்ற சொல் 1, 2, 3 என்று எண்ணுகிற இடத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. எதிர் எண்ணும் பின்னமும் வரும்போது அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

நான் பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். தனியாக எதிரில் இருப்பவன்தான் கேட்கிறான். மாற்றுச் சொல் ஒன்று வேண்டும். யோசித்து எழுதுகிறேன்.

2025 ஜூலை 10

மாற்று வழி பையனின் வீட்டு அடுக்களையில் இருந்தது. தேரோட்டத்துக்குப் பலகாரம் செய்தார்கள் என்று கொடுக்க வந்த அவன் ஆச்சி, என் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பச்சரிசி எவ்வளவு போட்டீர்கள் என்று நான் கேட்க, "நாழியும் உரியும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய எண்சுவடி வாய்ப்பாட்டைப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. எல்லாம் இரண்டின் அடுக்குகள்! நாழியை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால்; மேலே போனால் குறுணி 8, பதக்கு 16, தூணி 32. நாழியும் குறுணியும் நிற்கும் இடங்களுக்கு நடுவே, 2 நாழிக்கும் 4 நாழிக்கும் இந்த வாய்ப்பாட்டில் தனிப் பெயர் இல்லை. அந்த இரண்டு இடங்களையும் வெற்றிடமாக விட்டுவிடலாம்.

இன்று மாலை பையனை அழைத்து, ஒரு தாளில் இந்தப் பெயர்களை வரிசையாக எழுதச் சொன்னேன். நாழிக்குக் கீழே 0 என்று எழுதினோம். வலப்பக்கம் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒன்று கூட்டினோம்: குறுணி 3, பதக்கு 4, தூணி 5. இடப்பக்கம் ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் ஒன்று குறைத்தோம்: உரி −1, உழக்கு −2, ஆழாக்கு −3. பிறகு எதுவும் சொல்லாமல் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நாழிக்குக் கீழே பூச்சியம் இருக்கு; ஆனா நாழியில அரிசி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னான். 2⁰ ஏன் பூச்சியம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தொடங்கிய அளவு அப்படியே இருக்கிறது. உழக்கு இரண்டு இடம் கீழே இருக்கிறது என்பதற்காக யாரும் அதை "மைனஸ் நாலு நாழி" என்று சொல்வதில்லை. அது கால் நாழி. ஆக 2⁻² என்பது கால். எட்டாம் வகுப்பிலிருந்து கூடவே வந்த இரண்டு பிழைகளும் இருபது நிமிடத்தில் அவனை விட்டுப் போயின.

2025 ஜூலை 11

சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. முதலில் "எத்தனை படி ஏற வேண்டும்?" என்று கேட்க நினைத்தேன். படி என்பதே ஓர் அளவின் பெயர் என்பதால் குழப்பம் வரும். "எத்தனை எட்டு?" என்றால் அது எண்ணாகவும் காதில் விழும். ஆகையால் "எத்தனையாவது இடம்?" என்ற சொல்லில் நிலைத்திருக்கிறேன். லாக்₂ 8 = 3 என்பதை, "இரட்டிப்பு வரிசையில் 8 நிற்பது மூன்றாவது இடம்" என்று இப்போது வாசிக்கிறான். எதிர் எண்ணுக்கும் இந்தச் சொல் ஈடு கொடுக்கிறது.

2025 ஜூலை 20

இதைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வாய்ப்பாட்டின் கடைசி வரியை வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தேன். மூன்று தூணி ஒரு கலம். அதாவது கலம் என்பது 96 நாழி. இரட்டிப்பு ஒழுங்கு அங்கே முறிகிறது. இன்று அதைச் சொல்லி, கலம் எத்தனையாவது இடம் என்று கேட்டேன். 64 ஆறாவது இடம், 128 ஏழாவது இடம் என்று விரல் வைத்துப் பார்த்தான். 96 இரண்டுக்கும் சரியாக நடுவில் இருக்கிறது. "ஆறரை" என்றான்.

தவறு என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வகுப்பறையாக இருந்திருந்தால் சொல்லிவிட்டு, சரியான விடை 6.585 என்று கரும்பலகையில் எழுதியிருப்பேன். இங்கே அவசரம் இல்லை. "சரி, ஆறரையாவது இடத்தில் எத்தனை நாழி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓர் இடம் நகர்ந்தால் இரண்டால் பெருக்குகிறோம். அரை இடம் நகர்ந்தால் எதால் பெருக்குவது? அவன் முதலில் சொன்னது 1. பிறகு அவனே, "ஒன்றால பெருக்கினா நகரவே நகராது" என்று அடித்தான். அடுத்து ஒன்றரை என்றான். ஒன்றரையால் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தான், 2.25 வந்தது. அரை இடம் இரண்டு முறை நகர்ந்தால் ஓர் இடம் ஆக வேண்டும், ஆகவே இரண்டு முறை பெருக்கும்போது 2 வர வேண்டும் என்ற நிபந்தனை அப்போது அவன் வாயிலிருந்தே வந்தது. அது 2-இன் வர்க்கமூலம், 1.414. அதால் 64-ஐப் பெருக்கினால் 90.5. ஆறரையாவது இடத்தில் நிற்பது தொண்ணூறரை நாழிதான். கலம் அதற்கும் ஐந்தரை நாழி வலப்பக்கம் தள்ளி நிற்கிறது.

கூட்டலில் நடுவில் இருப்பது பெருக்கலில் நடுவில் இருப்பதில்லை. அடுக்குக்குறிச் சார்பின் வரைபடம் ஏன் வளைந்து ஏறுகிறது என்பதும், 2-இன் அரை அடுக்கு ஏன் வர்க்கமூலம் என்பதும், 2-இன் முழு அடுக்கு அல்லாத எண்ணுக்கும் மடக்கை உண்டு என்பதும் இந்த ஒரு பிழையான விடையின் வழியாகவே வந்து சேர்ந்தன. அவன் "ஆறரை" என்று சொன்னதும் நான் திருத்தியிருந்தால் இந்த மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே இருந்திருக்கும்.

2025 ஜூலை 21

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, 6.585 என்பதைக் கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் காட்டுவது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 96 என்பது 32-இன் மூன்று மடங்கு. ஆகவே 3-இன் இடம் தெரிந்தால் போதும், அதனோடு 5-ஐக் கூட்டிக்கொள்ளலாம். 3-இன் வர்க்கம் 9, அது 8-ஐவிடப் பெரிது. ஆகவே 3-இன் இடத்தின் இரண்டு மடங்கு, 8-இன் இடமான மூன்றைத் தாண்டுகிறது, 3-இன் இடம் 1.5-க்கு மேல். 3⁵ = 243, அது 2⁸ = 256-ஐவிடச் சிறிது; ஆகவே 3-இன் இடம் 8/5-க்கு, அதாவது 1.6-க்குக் கீழ். பொறுமை இருந்தால் இன்னும் நெருக்கலாம்: 3¹² = 5,31,441, அது 2¹⁹ = 5,24,288-ஐவிடச் சற்றே பெரிது; ஆகவே 19/12-க்கு, அதாவது 1.583-க்கு மேல். பெருக்கலை மட்டும் வைத்து மடக்கையை இரண்டு பக்கமும் வேலி போட்டுப் பிடிக்கலாம் என்று காட்டும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

2025 ஆகஸ்ட் 3

இன்று கணக்கைப் பற்றி அல்ல, உட்காரும் விதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மே மாதத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். தாள் எனக்குத் தலைகீழாக இருந்ததால், பிழை வந்ததும் தாளை என் பக்கம் திருப்பினேன். திருப்பிய கை பேனாவையும் வாங்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் அவன் எழுதியதைவிட நான் எழுதியதே அதிகம் என்பதைப் பிறகு அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஜூன் மாதத்திலிருந்து பக்கத்தில், அவனுடைய இடப்புறம் உட்காருகிறேன். பேனா ஒன்றே ஒன்று, அதுவும் அவனிடம்.

மௌனத்தைப் பற்றி எனக்கு முதலில் இருந்த கருத்தும் மாறிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்ல ஆசிரியரின் அடையாளம் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் மௌனத்தை அவன் பரீட்சை அறையின் மௌனமாக எடுத்துக்கொண்டான், கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். வீட்டின் உள்கூடமான பட்டாசலில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே வேலையாக இருப்பவர்கள் காதில் தன் பிழை விழுமே என்ற கூச்சமும் அவனுக்கு இருந்தது. வீட்டின் முன்பக்கம் இருக்கும் தார்சாவுக்கு மாறினோம். இப்போது பேசாமல் இருக்கும்போது நானும் ஒரு தாளில் அதே கணக்கை வேறு எண்களை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் மௌனம் அவனை வருத்துவதில்லை.

2025 ஆகஸ்ட் 4

உங்கள் முதல் கேள்விக்கு நான் இன்னும் நேரடியாக விடை சொல்லவில்லை என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். உண்மைதான்.

லாக் 8 / லாக் 2 என்பதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அடிமானம் 10 என்றால், அதாவது 10-இன் அடுக்காகப் பார்த்தால், மேலே 0.9031, கீழே 0.3010. வகுத்தால் 3 (கடைசி இடத்துத் தோராயத்தை விட்டுவிடுங்கள்). வகுத்தல் விதி சொல்வது வேறு: 8-ஐ 2-ஆல் வகுத்து, அந்த 4-க்கு மடக்கை எடுத்தால், அது 0.9031-இலிருந்து 0.3010-ஐக் கழித்தால் வரும் 0.6021-க்குச் சமம். மாணவியை அட்டவணையில் எண்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். லாக் என்ற எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காத வரையில், அதை அடிக்கும் ஆசை போகாது. நாங்கள் படித்த காலத்தில் கிளார்க் அட்டவணை கையிலேயே இருந்தது. ஒவ்வொரு மடக்கையும் நான்கு தசம இடங்களோடு ஓர் எண்ணாகக் கண் முன் நின்றது. மடக்கையைக் குறியீடாக மட்டுமே சந்திக்கும் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

கூட்டலில் வரும் பிழைக்கு, அதாவது லாக் (2 + 3) = லாக் 2 + லாக் 3 என்று எழுதுவதற்கு, அளவுகளே மருந்து. குறுணியும் குறுணியும் சேர்ந்தால் பதக்கு. இடம் 3, இடம் 3. சேர்த்தால் கிடைப்பது இடம் 4. ஆறு அல்ல. இடங்களைக் கூட்டுவது அளவுகளைப் பெருக்கும்போதுதான்: நான்கு மடங்கு என்பது இரண்டு இடம், குறுணி மூன்று இடம், நான்கு குறுணி ஒரு தூணி, அது ஐந்தாவது இடம்.

2025 ஆகஸ்ட் 17

அளவுகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பது சிறு பிள்ளைகளுக்கு உரிய முறை, மேல்நிலை வகுப்புக்கு வரையறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு வரலாற்றிலிருந்து விடை சொல்ல விரும்புகிறேன்.

மடக்கை பிறந்தபோது இன்றைய வரையறை இல்லை. 1544-இல் ஜெர்மனியின் மிகேல் ஸ்டிஃபெல், ஒரு வரிசையில் கூட்டுத்தொடரையும் அதற்கு நேரே பெருக்குத்தொடரையும் எழுதி, மேல் வரிசையில் கூட்டினால் கீழ் வரிசையில் பெருகுகிறது என்று காட்டினார். இடப்பக்கம் எதிர் எண்களையும் பின்னங்களையும் வைத்தார். பையனின் தாளில் இருப்பதும் அதே இரட்டை வரிசைதான். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் தம் அட்டவணையை 1614-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஹென்றி பிரிக்ஸ் இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் பயணம் செய்து அவரைச் சந்தித்தார். 1-இன் மடக்கை 0, 10-இன் மடக்கை 1 என்ற இன்றைய பழக்கம் அந்தச் சந்திப்பிலிருந்து வந்தது. நேப்பியர் 1617-இல் இறந்தார். 1624-இல் பிரிக்ஸ் பதினான்கு தசம இடங்களோடு அட்டவணை வெளியிட்டார். அதில் 20,000-க்கும் 90,000-க்கும் நடுவே விடுபட்ட எண்களை 1628-இல் ஆட்ரியான் பிளாக் நிரப்பினார். மடக்கையை அடுக்கின் மறுபக்கமாக வரையறுத்துப் பாடமாக்கியவர் ஆய்லர், ஆண்டு 1748. நேப்பியருக்கும் அவருக்கும் இடையில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. வரலாற்றில் கடைசியாக வந்ததைப் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 24

பையன் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன். இன்று அவனே ஒரு செய்தி கொண்டுவந்தான். கீழ் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் இடையே அதிர்வெண் இரட்டிக்கிறது. நடுவே பன்னிரண்டு சமமான நகர்வுகள். அப்படியானால் ஒவ்வொரு கட்டையும் ஓர் இடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு நகர்கிறது என்றான். ஒரு கட்டைக்கு எதால் பெருக்க வேண்டும் என்று அவனே கணக்கிட்டு 1.0595 என்று எழுதியிருந்தான். ஜூலை 20-இல் அரை இடத்துக்குச் செய்த அதே வேலை.

ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள இயல்பான விகிதம் 2-க்கு 3. 64-க்கும் 96-க்கும் உள்ள விகிதமும் அதுவே! ஸ-விலிருந்து ப ஏழாவது கட்டை; 7/12 என்பது 0.583. கலத்தின் இடத்தில் தசமத்துக்குப் பின்னால் வந்தது 0.585. காதுக்கு எளிதில் தெரியாத அந்தச் சிறு வேறுபாடு பன்னிரண்டு முறை சேர்ந்தால் வருவதுதான் 3¹²-க்கும் 2¹⁹-க்கும் இடையே நாம் பார்த்த வேறுபாடு. இதை நான் முன்பு அறிந்திருக்கவில்லை. இன்று மாலை முழுவதும் நாங்கள் இருவரும் வேறு எதையும் பார்க்கவில்லை.

2025 செப்டம்பர் 7

ஆச்சி தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கியிருக்கிறார். ஆண்டு வட்டி 7.5 சதவீதம், 115 மாதத்தில் இரட்டிப்பு. அந்த 115 எங்கிருந்து வந்தது என்று பையனைக் கேட்டேன். 1.075-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும்? லாக் 2 / லாக் 1.075 = 0.3010 / 0.0314 = 9.586 ஆண்டு. பன்னிரண்டால் பெருக்கினால் 115.03 மாதம். அரசாங்கத்தின் எண்ணும் தன் எண்ணும் ஒன்றாக வந்ததை அவனால் நம்ப முடியவில்லை. ஆச்சியிடம் காட்ட அப்போதே தாளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கவனியுங்கள்: ஜூன் மாதத்தில் அடித்துவிட்ட அதே வடிவம், லாக்கின் கீழ் லாக். இன்று அவன் அடிக்கவில்லை.

2025 செப்டம்பர் 14

காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சிறு எச்சரிக்கை. லாக் அ + லாக் (அ − 3) = 1 என்ற வகைக் கணக்கில் அ = 5, அ = −2 என்று இரண்டு விடை வரும். −2-ஐ நீக்க வேண்டும் என்று விதியாகச் சொல்ல வேண்டாம். வரிசையில் −2 நாழி எந்த இடத்தில் நிற்கும் என்று தேடச் சொல்லுங்கள். இடப்பக்கம் எவ்வளவு தூரம் போனாலும் அளவு பாதி பாதியாகக் குறையும், பூச்சியத்தைக்கூடத் தொடாது. தேடிக் களைத்த பிள்ளை தானே நீக்கிவிடும்.

2025 செப்டம்பர் 28

பையனின் அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஏரல் பக்கம். அகழாய்வு நடந்த சிவகளை அருகில்தான். அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும் என்று பையன் இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறான். அந்த நெல்லில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட வேண்டும் என்பது அவனே கேட்டது.

3,175 ஆண்டை 5,730-ஆல் வகுத்தால் 0.554. இரட்டிப்பு வரிசையில் இடப்பக்கமாக 0.554 இடம், உரி வரைக்கும் இறங்கவில்லை. 0.554-ஐ 0.3010-ஆல் பெருக்கினால் 0.1668. அதை 100-இன் மடக்கையான 2-இலிருந்து கழித்தால் 1.8332, எதிர்மடக்கை, அதாவது அந்த மடக்கைக்கு உரிய எண், 68. நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பங்கு மிச்சம். இந்த ஆண்டு ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் சிவகளைக் கரித்துண்டுக்குப் பொ.ஆ.மு. 3345 என்று இருக்கிறது. அதற்கும் போட்டுப் பார்த்தான். நூற்றுக்கு 52. "இப்பத்தான் உரியை நெருங்குது" என்றான்.

2025 அக்டோபர் 1

முந்தைய குறிப்பில் ஒரு திருத்தம். 68, 52 என்ற எண்களை ஆய்வகம் அளந்த எண்களாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கரிமக் காலக்கணிப்பில் மரபுப்படி 5,568 ஆண்டு என்ற பழைய அரை ஆயுளையே வைத்து, 1950-ஐ இன்று எனக் கொண்டு கணக்கிடுகிறார்கள். காற்றில் கரிமம்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை; ஆகவே மர வளையங்களின் துணையோடு அந்த முடிவைத் திருத்திய பிறகே பொ.ஆ.மு. ஆண்டு கிடைக்கிறது. திருத்திய ஆண்டிலிருந்து எளிய வாய்ப்பாட்டின் வழியே பின்னோக்கிப் போனால் அதே அளவு கிடைக்காது. எங்கள் கணக்கு முறையில் சரி. நெல்லைப் பற்றிய உண்மையாக அது ஒரு மதிப்பீடு மட்டுமே. பையனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். தன் தாளில் 68-க்கு முன்னால் "சுமார்" என்று எழுதிக்கொண்டான்.

2025 அக்டோபர் 12

இன்று இரண்டு அட்டைப் பட்டைகள் வெட்டினோம். ஓர் இடத்துக்கு மூன்று செ.மீ. என்று வைத்து நாழிக்கு 0, குறுணிக்கு 9, தூணிக்கு 15 என்று கோடு போட்டான். இடப்பக்கம் ஆழாக்கு −9. கலத்தை 19.75-இல் தானே கணக்கிட்டுக் குறித்தான். ஒரு பட்டையை இன்னொன்றின் மேல் நகர்த்தினால் நீளங்கள் கூடுகின்றன, அளவுகள் பெருகுகின்றன. பொறியாளர்கள் கால்குலேட்டர் வரும் வரை கையில் வைத்திருந்த நழுவுகோலின் வேலை இதுவே என்று சொன்னேன்.

உங்கள் மாணவி இப்போது "இடம்" என்ற சொல்லை வைத்து வாசிக்கிறாள், அடிப்பதை விட்டுவிட்டாள், ஆனால் லாக்₃ 2 என்று வந்தால் தயங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் இரண்டு பட்டை வெட்டிக் கொடுங்கள். ஒரே எண் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்கும்படி, ஒன்றை இரட்டிப்பு வரிசையாகவும் மற்றதை மும்மடங்கு வரிசையாகவும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே தூரத்தை இரண்டு அளவுகோல்களில் அளப்பதுதான் அடிமானத்தை மாற்றுவது என்பது தெரிந்துவிடும்.

பையன் போகும்போது, பூச்சியம் நாழியை எங்கே குறிப்பது என்று கேட்டான். இடப்பக்கம் ஆழாக்குக்கு அப்பால் பட்டையில் நான்கு விரல் இடம் மீதி இருந்தது. அரை ஆழாக்கைக் குறித்தான், அதில் பாதியைக் குறித்தான், அதற்குள் அட்டை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நீளமான அட்டை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டிய பிறகு திரும்பி வந்து, "நீளமா கொண்டுவந்தாலும் போதாதுல்லா டீச்சர்?" என்றான்.